வசுமதியின் நாற்றுக்குடில்

ஜனவரி 19

வசுமதி இன்று காலை பஸ்ஸில் கோயமுத்தூர் போய்விட்டாள். மகள் மேகலாவுக்கு அடுத்த மாதம் பிரசவம். கூட ஆள் வேண்டும். மூன்று மாதமாவது ஆகும் என்றாள்.

கிளம்பும்போது, விதைக்கடையில் கொடுத்த இந்த டைரியை என் கையில் வைத்தாள். "குடிலுக்குள்ள காலையில எத்தனை டிகிரி, தண்ணி ஊத்துனீங்களா இல்லையா, அத மட்டும் எழுதி வையுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

எழுதுவது எனக்குப் புதிதல்ல. முப்பத்திரண்டு வருஷம் பவர் ஹவுஸில் மணிக்கொரு தடவை ரீடிங் எழுதியவன்.

வீட்டுக்குப் பின்னால் பன்னிரண்டு கல்படி இறங்கினால் அவளுடைய தோட்டம். பத்து சென்ட் இருக்கும். ஓரத்தில் மூங்கிலும் பாலித்தீன் தாளும் வைத்துக் கட்டிய பசுமைக்குடில். வெளியே பனி விழுந்தாலும் உள்ளே நாற்று பிழைத்துக்கொள்ளும் என்பாள். ரிட்டயராகி எல்லநள்ளியிலேயே தங்கிவிட்ட இந்த நான்கு வருஷத்தில் நான் அதற்குள் இரண்டு தடவை போயிருப்பேன்.

வெளியே 3 டிகிரி. உள்ளே 8. தண்ணீர் இல்லை.

ஜனவரி 21

வெளியே 2. உள்ளே 7. காலிஃபிளவர் நாற்று நான்கு தட்டு, முட்டைக்கோஸ் இரண்டு தட்டு. எல்லாம் இரண்டு இலை விட்டிருக்கிறது. பூவாளியில் தண்ணீர் ஊற்றினேன்.

போர்வை எடுக்க பீரோவைத் திறந்தேன். அவளுடைய தட்டில் ஸ்வெட்டர் ஒன்றுகூட இல்லை. நான்கையும் எடுத்துப் போயிருக்கிறாள். கோயமுத்தூரில் ஸ்வெட்டர் எதற்கு என்று தெரியவில்லை. குழந்தைக்குப் போர்த்துவதற்காக இருக்கும்.

ஜனவரி 23

வெளியே பூஜ்யம். உள்ளே 5. புல் முழுக்க உப்புக் கொட்டினாற்போல் உறைபனி. வெளிப்பாத்தியில் இருந்த அவரைக் கொடி வெள்ளையாக நின்றது.

நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு பக்கத்து நிலத்துக்காரர் போஜன் வேலியைத் தாண்டி வந்தார். படகர். கேரட் போடுகிறார், நான்கு மாடு வைத்திருக்கிறார். வசுமதிக்குச் சாணம் தருவது அவர்தான்.

"சார், வெயில் வர்றதுக்குள்ள தண்ணி தெளிச்சு விடுங்க. பனி இருக்கும்போதே வெயில் பட்டா இலை வெந்துரும்."

தெளித்தோம். விரல் மரத்துப்போயிற்று. போஜன் பேசிக்கொண்டே வேலை செய்தார். அவர் போன பிறகு, அவரைக் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லி டீ போட்டுக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது.

ஜனவரி 26

வசுமதியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள குடில் வாசல மூடிருங்க. பகல்ல பதினோரு மணிக்குத் தெறந்து வையுங்க. இல்லைனா உள்ள வேர்த்துக்கும்." அவ்வளவுதான். இருபது விநாடி. பின்னால் மேகலா வீட்டு மிக்சி ஓடுகிற சத்தம்.

வெளியே 2. உள்ளே 6. தண்ணீர் காலையும் மாலையும்.

ஜனவரி 30

இரண்டு தட்டு காலிஃபிளவர் நாற்று சாய்ந்துவிட்டது. காலையில் பார்த்தால் யாரோ கையால் அமுக்கிவிட்டது போல் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கிறது.

போட்டோ எடுத்து அனுப்பி, "பனியில் போய்விட்டது" என்று எழுதினேன்.

மத்தியானம் பதில் வந்தது. "பனி பட்டா இலை கருகுமுங்க. இது தண்டு மண்ணோட சேர்ற எடத்துல அழுகியிருக்கு. தண்ணி ஜாஸ்தி. ரெண்டு வேளை ஊத்தியிருப்பீங்க. மிச்சத் தட்டுக்கு சூடோமோனாஸ் கரைச்சு ஊத்துங்க, அலமாரியில மஞ்ச டப்பா. ஒரு லிட்டருக்குப் பத்து கிராம்."

கோபம் இல்லாத குரல். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கவில்லை. இந்த டைரியில் 'காலையும் மாலையும்' என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். அது இருக்கும்போது அவளிடம் வேறு மாதிரி சொன்னேன்.

பிப்ரவரி 3

வெளியே 2. உள்ளே 7. தண்ணீர் இல்லை. போஜன் ஊட்டிக்குப் போயிருக்கிறார். இன்று யாரோடும் பேசவில்லை.

பிப்ரவரி 5

மீதித் தட்டுகள் பிழைத்துக்கொண்டன. இப்போது விரலை மண்ணில் ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்த பிறகுதான் தண்ணீர்.

காலையில் ராகிக் களி கிண்டினேன், கட்டி தட்டிவிட்டது. அதையே மத்தியானமும் சாப்பிட்டேன். டிவி போடுவதில்லை. கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 7

பஞ்சகவ்யம் தயார் செய்யச் சொல்லி மெசேஜ். குடைமிளகாய் நாற்றுக்கு வேண்டுமாம். அவள் சொன்னது: "அஞ்சு கிலோ பச்சைச் சாணம், அரைக் கிலோ நெய். பிசைஞ்சு மூணு நாள் வையுங்க. அப்புறம் கோமியம், தண்ணி, பால், தயிர், வாழைப்பழம், எளநி, வெல்லம். தெனமும் காலையில, சாயங்காலம் கலக்கோணும். ஒரு நாளும் விடக்கூடாது. கையில பிசைஞ்சாதான் சரியா வரும், குச்சி போட்டா வராது."

போஜன் ஒரு கூடை சாணம் கொண்டுவந்து வைத்தார். நான் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டேன். பீப்பாயில் போட்டுக் கையை விட்டுப் பிசைந்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. இந்தக் குளிரில் கைக்கு அது இதமாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

முன்பெல்லாம் அவள் இந்தப் பீப்பாயைச் சமையல்கட்டுக்குப் பின்னால் குழாய்ப் பக்கத்தில் வைத்திருந்தாள். எனக்கு வாடை ஆகாது என்றதால் கீழே கொண்டுபோனாள். தண்ணீரும் மற்றதும் பக்கெட்டில் படி வழியாகத்தான் போக வேண்டும்.

பிப்ரவரி 11

காலை 9.40க்குப் பெண் குழந்தை. மாப்பிள்ளை போன் செய்தார். இருவரும் நலம்.

போஜன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சொல்ல வேறு யாரும் இல்லை. அவர் மனைவி டம்ளரில் காபி கொடுத்து, "பாட்டியம்மா எப்ப வர்றாங்க?" என்று கேட்டார். ஏப்ரலில் என்றேன்.

பிப்ரவரி 13

ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். குழந்தை சிவப்பாக, கைகளை இறுக்கி மூடிக்கொண்டு தூங்குகிறது. வசுமதி அதை என் கையில் கொடுத்து, கழுத்தைப் பிடிக்கும் விதத்தைக் காட்டினாள். பிறகு கேட்டாள், "குடில் வாசல மூடிட்டு வந்தீங்களா?"

"போஜன்கிட்ட சொல்லியிருக்கேன். ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாம்னு..."

"நாத்துக்கு யாரு பாப்பாங்க? பீப்பாயை ரெண்டு வேளையும் கலக்கோணுமே. நீங்க சாயங்கால பஸ்ஸுக்குப் போயிருங்க."

அவள் சொல்வது சரிதான். கலக்காவிட்டால் புழு வைத்துவிடும்.

வராந்தாவில் மாப்பிள்ளை வாய்தவறி ஒன்று சொன்னார். தங்கள் வீட்டின் கீழ்ப் பகுதி காலியாக இருக்கிறது, அத்தைக்குப் பிடித்திருக்கிறது, பின்னால் செடி வைக்கவும் கொஞ்சம் இடம் இருக்கிறது என்றார். மேகலா கட்டிலில் இருந்தே அவரைப் பார்த்தாள். அவர் டீ வாங்கப் போய்விட்டார்.

"அம்மா உங்ககிட்டச் சொல்லுவாங்கப்பா" என்றாள் மேகலா. "இப்ப ஒண்ணும் கேக்காதீங்க."

கேட்கவில்லை. வசுமதிக்குக் கால் வலி உண்டு. அங்கே படி ஏறி இறங்க வேண்டியதில்லை. அதனால் இருக்கும்.

பிப்ரவரி 15

குடைமிளகாய் விதைத்தேன். தக்காளியும். தென்னை நார்க்கழிவில் பாதிக்குப் பாதி மண்புழு உரம் கலந்து, குழித்தட்டை நிரப்பி, ஒரு குழிக்கு ஒரு விதை. நூற்றுத் தொண்ணூற்றாறு குழி. மூன்று மணி நேரம் ஆயிற்று. அவள் வருஷா வருஷம் பத்துப் பன்னிரண்டு தட்டு போடுவாள். அத்தனையும் குனிந்துகொண்டே செய்ய வேண்டிய வேலை என்று இன்றுதான் தெரிந்தது.

வெளியே 5. உள்ளே 10.

பிப்ரவரி 19

வெளியே 5. உள்ளே 11. முளைக்கவில்லை. பீப்பாய் கலக்கினேன். வாடை இப்போது தெரிவதில்லை.

பிப்ரவரி 22

முளைக்கவில்லை. ஒரு விதையைத் தோண்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

பிப்ரவரி 25

வெளியே 7. உள்ளே 12. தக்காளி ஒன்பது முளைத்திருக்கிறது. சத்தமாகவே "ஒன்பது" என்று சொன்னேன். குடிலுக்குள் என் குரல் வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

போட்டோ அனுப்பினேன். அவள் கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினாள். அதைச் சில தடவை பார்த்தேன்.

மார்ச் 1

குடைமிளகாயும் வந்துவிட்டது. மொத்தம் நூற்று அறுபத்தொன்று. பஞ்சகவ்யம் வடிகட்டியாயிற்று. லிட்டருக்கு முப்பது மில்லி கலந்து தெளித்தேன். மறுநாளே இலை பளபளப்பாகும் என்று போஜன் சொல்கிறார். அதற்காகவாவது நாளைக் காலை சீக்கிரம் வரட்டும் என்றிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாலையில் ஊட்டிக்குப் போகிற கார்கள் வரிசையாக நின்றன. ஆரன் சத்தம் இங்கே வரைக்கும் வருகிறது.

மார்ச் 6

அவளுக்குக் கால் உடைந்ததைப் பற்றி இந்த டைரியில் எங்கும் எழுதவில்லை. பிப்ரவரி 13-இல் 'கால் வலி' என்று மட்டும் இருக்கிறது. அதனால் குறித்து வைக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதம், பக்கெட்டோடு படியில் இறங்கும்போது ஒன்பதாவது படியில் வழுக்கி விழுந்தாள். வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிவு. பிளேட் வைத்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு விழுந்தவளை ஆறு மணிக்குத்தான் தூக்கினோம். மழைத் தூறலும் தரையோடு இறங்கிய மேகமும். நான் வீட்டுக்குள் டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். நியூஸ் சேனலில் விவாதம். அவள் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. டிவி சத்தம்.

மார்ச் 7

வெளியே 8. உள்ளே 13. தண்ணீர் காலை மட்டும்.

மார்ச் 10

போஜனுக்கு இன்று டீ போட்டுக் கொடுத்தேன். குடில் வாசலில் இரண்டு பேரும் கவிழ்த்து வைத்த கூடைமேல் உட்கார்ந்து குடித்தோம். நாற்றைப் பார்த்துவிட்டு, "அம்மா போட்டது மாதிரியே இருக்கு சார்" என்றார்.

பிறகு, நான் கேட்காமலே அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர்தான் அன்று ஓடிவந்து அவளைத் தூக்கியவர். பிறகுதான் என்னை வந்து கூப்பிட்டார்.

"அன்னைக்குக் கேரட் மூட்டை ஏத்திட்டு லாரியில இருந்து இறங்குறேன். ரோட்டுல இருந்தே எனக்குக் கேட்டுச்சு சார். மேகத்துல எந்தப் பக்கம்னு தெரியாம ரெண்டு தோட்டம் சுத்திட்டு வந்தேன்."

"ரோட்டுக்குக் கேட்டுச்சா?"

"காத்து அந்தப் பக்கம் அடிச்சிருக்கும்" என்றார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

நல்ல மனிதர். காற்றின்மேல் போட்டுவிட்டார்.

மார்ச் 12

தக்காளியை வெளியே எடுத்து வைத்துப் பழக்குகிறேன். முதல் நாள் ஒரு மணி நேரம், நாளை இரண்டு. ஒரேயடியாக வெளியே வைத்தால் தாங்காது.

குடிலில் இருக்கும்போது மேலே சமையல்கட்டில் குக்கர் விசில் அடித்தது. மூன்றும் தெளிவாகக் கேட்டது. அடுப்பை அணைக்க மேலே போனேன். வேலை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி கீழே இறங்கவில்லை.

மார்ச் 14

அவள் விழுந்தது இன்றைய தேதியில்தான்.

கேட்டது.

பேனாவை எடுத்தது இதை எழுதத்தான். வெப்பநிலை பிறகு எழுதுகிறேன்.

அன்று காலையில் சண்டை. மீன் கழிவும் வெல்லமும் போட்டு ஊறவைத்த டப்பாவை அவள் பின்வாசலில் வைத்திருந்தாள். மீன் அமிலம் என்பாள், பயிருக்கு நல்ல சத்து. அன்று பவர் ஹவுஸ் நண்பர்கள் இரண்டு பேர் வருவதாக இருந்தது. வீடா இது குப்பைமேடா என்று கத்தினேன். எல்லாவற்றையும் கீழே கொண்டுபோ, இனிமேல் ஒரு சாமான் மேலே இருக்கக்கூடாது என்றேன். நண்பர்கள் கடைசியில் வரவில்லை. அவள் மத்தியானம் முழுக்க ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுபோனாள். நான் ஒரு பக்கெட்டைக்கூடத் தொடவில்லை.

நாலு மணிக்கு "ஏனுங்க" என்று கூப்பிட்டாள். பளு தூக்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். நீ ஆசைப்பட்டு வைத்த தோட்டம்தானே, நீயே தூக்கு என்று மனதுக்குள் சொன்னேன். இரண்டாவது தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. அது வேறு மாதிரி இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.

அதற்குப் பிறகு ஆறு மணிவரை என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். கோபித்துக்கொண்டு கீழேயே இருக்கிறாள், இருட்டினால் வருவாள் என்று நினைத்தேன். நினைத்தேனா, அப்படி நினைத்ததாகப் பிறகு வைத்துக்கொண்டேனா என்பது தெரியவில்லை.

டாக்டரிடம் டிவி சத்தம் என்றேன். மேகலாவிடமும் அதையே சொன்னேன். எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி அதுவே நடந்தது போல் ஆகிவிட்டது.

வெளியே 9. உள்ளே 14. தண்ணீர் ஊற்றினேனா என்று நினைவில்லை.

மார்ச் 15

காலை பத்து மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன். எப்போதும் மெசேஜ்தான், அதனால் எடுத்தவுடன், "என்னாச்சுங்க? நாத்துக்கு ஏதாவதா?" என்றாள்.

"நாத்து நல்லா இருக்கு. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னைக்கு நீ கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு."

குழந்தை அழும் சத்தம் கேட்டது. அவள் அதை யாரிடமோ கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"தெரியுமுங்க" என்றாள்.

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்கு முன்னாடி டிவியில பேசறது எனக்குக் கேக்கலைங்க. நான் மூணாவது தடவ கூப்பிட்டதுக்கப்புறம்தான் கேட்டுச்சு. ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு."

இரண்டு வருஷம். பிளேட் வைத்துப் படுத்திருந்தபோது நான்தான் கஞ்சி கொடுத்தேன், கழிவறைக்குக் கூட்டிப்போனேன். அப்போதெல்லாம் அவளுக்குத் தெரியும்.

"ஏன் என்கிட்டக் கேக்கல நீ?"

"நீங்களா சொல்லுவீங்கனு பாத்தேன். ஒரு மாசம் பாத்தேன், ஒரு வருசம் பாத்தேன். போன தீபாவளியோட விட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப எதுக்குச் சொல்றீங்க?" என்றாள்.

தெரியவில்லை என்றே சொன்னேன். வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

மார்ச் 19

வெளியே 9. உள்ளே 15. தண்ணீர் காலை. மெசேஜ் இல்லை.

மார்ச் 23

மெசேஜ் இல்லை. மேகலா மட்டும் குழந்தை போட்டோ அனுப்பினாள். பெயர் இன்னும் முடிவாகவில்லையாம்.

தக்காளி நாற்றில் பாதியைப் போஜன் வீட்டில் கொடுத்தேன். மீதியைப் பாத்தியில் நட்டேன். குழிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு, இரண்டு பிடி தொழு உரம். யாரும் சொல்லவில்லை, அவளுடைய பழைய நோட்டைப் பார்த்துச் செய்தேன். அந்த நோட்டில் வருஷா வருஷம் என்ன விதைத்தாள், எது வந்தது, எது போனது எல்லாம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மார்ச் 13 வரை எழுதியிருக்கிறாள். அதற்குப் பிறகு நான்கு மாதம் காலிப் பக்கம். ஜூலையில், வேறு பேனாவில், 'பீன்ஸ் விதைத்தேன்' என்று ஆரம்பிக்கிறது.

மார்ச் 28

வெளியே 10. உள்ளே 16.

குடைமிளகாய் ஆறு இலை விட்டிருக்கிறது. இதுவரை எதைப் பார்த்தாலும் அவளுக்குப் போட்டோ அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது எடுத்துவிட்டு அனுப்பாமல் வைத்திருக்கிறேன். போனில் பதினேழு போட்டோ சேர்ந்திருக்கிறது.

மத்தியானம் சமைக்கவில்லை. பசிக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கீழே போய் ஒன்பதாவது படியில் உட்கார்ந்திருந்தேன். கல் ஈரமாக இருந்தது. இருட்டும் முன் எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2

குடைமிளகாயை நட்டாக வேண்டும். வேர் தட்டின் அடியில் வந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் விட்டால் நாற்று முற்றிவிடும். 'எப்போது நடலாம்' என்று அவளுக்கு எழுதினேன். படித்துவிட்டாள் என்று நீலக் குறி காட்டியது. பதில் இல்லை.

ஏப்ரல் 7

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். நேற்று எழுதும் நிலையில் இல்லை.

பதினோரு மணிக்குக் குடிலுக்குள் பாத்தி கொத்திக்கொண்டிருந்தேன். மேலே கேட் திறக்கும் சத்தம். போஜன் என்று நினைத்தேன். பிறகு படியில் காலடி. ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் மெதுவாக.

வெளியே வந்து பார்த்தால் வசுமதி. தோளில் ஒரு பை. பக்கவாட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தாள். நான் போய்க் கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொள்ளவில்லை. சுவரையே பிடித்துக்கொண்டு இறங்கினாள். நான் ஒரு படி முன்னால் இறங்கிக்கொண்டே வந்தேன்.

"குழந்தைய சம்பந்தியம்மா பாத்துக்கறாங்க. சாயங்காலம் போயிருவேன்" என்றாள்.

குடிலுக்குள் போய் ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்த்தாள். ஒரு நாற்றைக் குழியிலிருந்து எடுத்து வேரைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது.

"தண்டு திடமா இருக்கு" என்றாள். "இன்னைக்கே நட்டுரலாம்."

அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். நான் குழி எடுத்தேன். அவள் நாற்றைக் கொடுக்க, நான் வைத்து மண்ணை அணைத்தேன். "ரொம்ப அமுக்காதீங்க." "ஒன்றரை அடி விடுங்க." இரண்டு பாத்தி. எண்பது நாற்று. பீப்பாயைத் திறந்து முகர்ந்து பார்த்தாள், சரியாக இருக்கிறது என்று முகத்தில் தெரிந்தது.

மத்தியானம் ரசமும் சாதமும் வைத்தேன். அப்பளம் சுட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவளாகச் சொன்னாள்.

"போன்ல சொன்னதுக்கப்புறம் உங்களுக்கு லேசாயிடுச்சு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எனக்கு ஆகலீங்க."

"ம்."

"முன்ன கோவம் மட்டும் இருந்துச்சு. இப்ப நீங்க சொல்லிட்டீங்க, அதனால கோவப்படறதுக்கும் என்னவோ மாதிரி இருக்குது. அது இன்னும் கஷ்டமா இருக்கு."

மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அந்த வார்த்தையை நான் அவளிடம் சொல்லி எத்தனை வருஷம் என்று தெரியவில்லை. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு, "கேட்டுக்கிட்டேன்" என்றாள். மேகலா வீட்டுக் கீழ்ப் பகுதிக்குக் குடிபோவதைப் பற்றிக் கேட்டேன். மே மாதம் போவதாகச் சொன்னாள். கால் வலிக்காகவா என்று கேட்டேன்.

"இல்லீங்க" என்றாள்.

மூன்றரை மணிக்கு எல்லநள்ளி பஸ் ஸ்டாப் வரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். கோயமுத்தூர் பஸ் வந்தது. அவளை ஏற்றிவிட்டு, பையை மடியில் வைத்துவிட்டு இறங்க வேண்டும். கண்டக்டர் விசில் அடித்தார். நான் இறங்கவில்லை.

"எங்க வர்றீங்க?" என்றாள்.

"மேட்டுப்பாளையம் வரைக்கும்."

"எதுக்கு?"

"சும்மா."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். தோட்டத்துச் செருப்பு, முழங்காலில் மண். ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

பஸ் குன்னூர் தாண்டியது. முதல் கொண்டை ஊசி வளைவு வந்தபோது, வெளியே பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"விழுந்தப்ப வலிக்கலீங்க. பாதம் வேற பக்கம் பாத்துக்கிட்டிருந்துச்சு. அதப் பாத்தப்பதான் வலிச்சுது."

அவள் சொன்னதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. சிலது மட்டும். பக்கெட்டில் இருந்த மீன் கரைசல் மேலெல்லாம் கொட்டி, எறும்பு ஏறியது. தட்டிவிடக் குனிய முடியவில்லை. முதலில் நான் பாத்ரூமில் இருப்பேன் என்று நினைத்தாளாம். பிறகு தூங்கியிருப்பேன் என்று. டிவி சத்தம் கூடிய பிறகும், ரிமோட்டின் மேல் தெரியாமல் உட்கார்ந்திருப்பேன் என்று நினைத்தாளாம்.

"ரொம்ப நேரம் அப்படித்தான் நெனச்சேன். ரிமோட்டு மேல உக்காந்துட்டாரு, எந்திரிச்சா கொறஞ்சுரும்னு."

ஐந்து மணிக்குமேல் ஒன்றுக்கு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. போஜன் வந்து தூக்கும்போது அதுதான் அவளுக்குப் பெரிய வெட்கமாக இருந்ததாம். அவர் தன் கம்பளியைப் போர்த்தித் தூக்கினார், யாரிடமும் சொல்லவில்லை.

பஸ் வளைவுக்கு வளைவு சாய்ந்தது. அவள் தோள் வந்து என்மேல் இடித்தது, விலகியது. முன் சீட்டில் யாரோ வாந்தி எடுத்தார்கள். அவள் நிறுத்தவில்லை. இடையில் நான்கைந்து தடவை பேச வாயெடுத்தேன். ஒவ்வொன்றும் எனக்காகச் சொல்லிக்கொள்ளும் பேச்சாகவே வந்தது. பேசவில்லை. கேட்டுக்கொண்டிருந்தேன்.

கல்லாறு பாலம் வந்தபோது சூடு ஏற ஆரம்பித்தது. பாக்குத் தோப்பு தெரிந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேச்சை நிறுத்தினாள்.

மேட்டுப்பாளையத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. தண்ணீர் பாட்டில் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கிக் குடித்தாள். மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் இருக்குதுங்க. எல்லாம் சொல்லி முடியல."

"ம்."

"அடுத்த தடவ சொல்றேன்."

பஸ் கிளம்பியது. ஊட்டி பஸ்ஸுக்கு நாற்பது நிமிஷம் காத்திருந்தேன்.